மூன்றாவது தண்ணீர்

வெண்ணந்தூர்
8 ஜூன் 2025

மஞ்சுளாவுக்கு,

இந்தப் பொட்டலத்தில் ஒரு சிட்டம், அதாவது ஒரு கற்றை, நூல் இருக்கிறது. பருத்தி, இரட்டை முறுக்கு. சாயம் ஏற்றியது நான். இதில் நீ ஒரு ஸ்கார்ஃப் பின்னித் தர வேண்டும். விடுதியில் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பின்னுவாயே, துளை துளையாக, இலை இலையாக, அந்த லேஸ் மாதிரி.

உன்னிடம் கேட்க எனக்கு இஷ்டமில்லை. லேஸ் பின்னத் தெரிந்த வேறு ஆளை எனக்குத் தெரியாது. காரணம் அவ்வளவுதான்.

விஷயம் இது. கோயம்புத்தூரில் சித்ரா என்று ஒருவர் பின்னல் நூல் கடை வைத்திருக்கிறார். என் நூலைக் கடையில் வைப்பாரா என்று கேட்டுப் படங்கள் அனுப்பினேன். "சிட்டமாத் தொங்குறப்ப எல்லா நூலும் அழகுதாங்க. பின்னிக் காட்டுங்க. நானே துவைச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். ஆகஸ்ட் மூன்றாம் தேதி சேலம் வருகிறார். அப்படியே எங்கள் வீட்டுக்கும் வருகிறார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் என் இரண்டு அண்டாவும் ஒரு கொடியும் இருக்கின்றன. அந்த இடத்தில் இன்னும் இரண்டு விசைத்தறி போட அப்பா முடிவு செய்துவிட்டார். ஆகஸ்ட் மூன்று வரை பொறுக்கிறேன் என்றிருக்கிறார். சித்ரா வேண்டாம் என்றால் மறுநாள் தறி இறங்கும். எம்.எஸ்சி. வேதியியல் வேறு வேலை தேடும்.

இன்னொன்று. இந்த நிறம் இந்த ஒரு சிட்டத்தில்தான் வந்தது. திரும்ப இரண்டு முறை அதே அளவு, அதே சூடு வைத்து முயன்றேன். வரவில்லை. ஆகவே வீணாக்காதே.

போன் செய்யாதே. உன் எண்ணைப் போன வருடமே தடுத்து வைத்தேன். இன்னும் எடுக்கவில்லை. விடுதிச் சாப்பாட்டு அறையில் நாற்பது பேர் முன்னால் "உங்க ஊட்டுச் சாயமே ஓடுற சாயந்தானே" என்றாய். இருபது வருடம் சாயப்பட்டறையில் நின்றவரின் மகளிடம் சொல்ல அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. அந்தக் குரலைக் கேட்க எனக்கு மனமில்லை. எழுத்துக்குக் குரல் இல்லை. எழுது.

முடியாதென்றால் நூலைத் திருப்பி அனுப்பிவிடு.

உஷாராணி


திருச்செங்கோடு
12 ஜூன் 2025

உஷா,

பொட்டலம் வந்தது. பிரித்தேன். மூடினேன். மறுபடி பிரித்தேன்.

முடியும்.

நான் இப்போது ஒரு ரிக் ஆபீசில் இருக்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகள். எட்டு வண்டி. எட்டும் வேறு வேறு மாநிலத்தில். மேசைமேல் இரண்டு போன். தெலங்கானாவிலிருந்தோ சத்தீஸ்கரிலிருந்தோ கூப்பிட்டு, எத்தனை அடி போயிற்று என்று சொல்வார்கள். எழுதிக்கொள்வேன். வேலை அதுதான். எம்.ஏ. ஆங்கிலம் அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

துளை போடும்போது முதலில் செம்மண் வரும் என்பார்கள். அப்புறம் மஞ்சள் சுக்கான் கல். அப்புறம் கருநீலப் பாறைத்தூள். உன் நூல் அதே வரிசையில் இறங்குகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம். ஆனால் ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது? ஒரு முழ நூலை ஜன்னலோரம் பிடித்துப் பத்து நிமிடம் தேடினேன். எல்லையே இல்லை. இதை எப்படிச் செய்தாய்?

ஊசியில் அறுபத்தொரு கண்ணி ஏற்றியிருக்கிறேன். பன்னிரண்டு வரிசைக்கு ஓர் இலை. இருபத்துநான்கு இலை வந்தால் ஸ்கார்ஃப். உனக்கு இது தெரியாது, சொல்கிறேன். இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுவேன். பக்கத்திலேயே நூலை ஊசியில் வெறுமனே ஒரு சுற்று சுற்றுவேன். ஒன்று குறையும். ஒன்று கூடும். கணக்கு மாறாது. ஆனால் அங்கே ஒரு துளை வந்துவிடும். இலை என்று நாம் பார்ப்பது துளைகளின் ஓரம்தான்.

இன்று எட்டு வரிசை.

நூலைப் பற்றி ஒன்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. உன் நூலைப் பற்றி வாய் திறக்கும் உரிமையை நான் போன வருடம் செலவழித்துவிட்டேன்.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். சின்னதாகத் தெரிந்தது. அடித்துவிட்டேன்.

மஞ்சுளா


வெண்ணந்தூர்
18 ஜூன் 2025

மஞ்சுளாவுக்கு,

அடித்தது தெரிகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கவும் முடிகிறது. அது இருக்கட்டும்.

எட்டு வரிசையா! எட்டு வரிசையில் சிவப்பு எவ்வளவு தூரம் வந்தது? கோடாக வருகிறதா, திட்டாக வருகிறதா? இதையெல்லாம் எழுதாமல் துளையைப் பற்றித் தத்துவம் எழுதியிருக்கிறாய். அடுத்த கடிதத்தில் நிறத்தை எழுது. மூன்று நாளாகத் தபால்காரர் நவநீதகிருஷ்ணனை வழியிலேயே மடக்கிக் கேட்கிறேன். அவர் என்னைப் பார்த்ததும் "இல்லீங்க" என்று தூரத்திலேயே கையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

எப்படிச் செய்தேன் என்று கேட்டாய். சிட்டத்தை நூல் அறாமல் மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒரு சாயத்தில் முக்கினேன். அவ்வளவுதான். அலசும்போது நிறங்களுக்கு நடுவில் கோடு பளிச்சென்று தெரிந்தது. பார்டர் போல. பிடிக்கவில்லை. சலிப்போடு நிழல் கொடியில் போட்டுவிட்டு மாமா வீட்டார் வந்திருந்ததால் உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கோடு இல்லை! ஒன்றுக்குள் ஒன்று இறங்கிக் கிடக்கிறது. ஏன் என்று எனக்கே தெரியாது. பல்கலைக்கழகத்தில் படித்தவள் இப்படிச் சொல்லக் கூடாது. உண்மை அதுதான்.

அப்பா நேற்று டேப் எடுத்துவந்து கொட்டகையை அளந்தார். நான் அண்டா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "கொஞ்சம் அக்கட்டால நில்லு சாமி" என்றார். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

என்ன கேட்க நினைத்தாய்? பாதியில் விடுவது உனக்குப் பழக்கம். கேள்.

உஷாராணி


திருச்செங்கோடு
29 ஜூன் 2025

உஷா,

முதலில் நிறம். கோடு இல்லை. திட்டும் இல்லை. சாய்வாக வருகிறது. மழை தூரத்தில் பெய்வது போல. முதல் இரண்டு இலை சிவப்பு. மூன்றாவதன் நரம்பில் மஞ்சள் ஏறுகிறது. நான்காவது இலை, உஷா, நான்காவது இலையின் ஒரு பாதி சிவப்பு, மறுபாதி மஞ்சள், நடுவில் துளைகள். ஆபீசில் எழுந்து நின்றுவிட்டேன்.

இப்போது பதினோரு இலை ஆகிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை. மேசைக்கு அடியில் பின்னிக்கொண்டிருந்தேன். இங்கே எல்லாருக்கும் தெரியும். முதலாளி குமாரசாமி தெரியாததுபோல் இருப்பார். அன்று ஊருக்கு வந்திருந்த டிரைவர் சென்றாயன் ரொம்ப நேரம் நின்று பார்த்தார்.

"ஏனுங் மேடம், மீன் வலைங்களா?"

"இல்லைங்க. கழுத்துல போடுறது."

"இத்தன ஓட்டை இருக்குதுங்களே?"

"ஓட்டைதாங்க டிசைன்."

"நாங்களும் ஊரூராப் போயி ஓட்டைதான் போடறோம். ஒருத்தரும் டிசைன்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

சிரித்தேன். அந்த நேரம் போன். சத்தீஸ்கர் வண்டி. நான்கு நாளாக அங்கே தண்ணீர் இல்லை. ஐந்நூறு, ஐந்நூற்று ஐம்பது, அறுநூறு என்று வெறும் புழுதி. கிணற்றுக்காரர் அழுதுவிட்டாராம். போனை எடுத்தால் இரைச்சல். அதற்குள் ஒரு குரல்: "அறுநூத்தி நாப்பதுங்க! வந்துருச்சுங்க! மூணு இஞ்சிங்க!" ஆபீசே கத்தியது. நானும் கத்தினேன். குதித்தேன். ஊசி கையில் இல்லை.

குனிந்து பார்த்தால் ஊசி தரையில். பத்தொன்பது கண்ணிகள் வெறுமனே. ஊசி இல்லாமல்.

சாதாரண நூலாக இருந்தால் அவ்வளவுதான். லேஸில் ஒரு கண்ணி விட்டால் அடி வரை அவிழும். துளைகளுக்கு நடுவில் அதைத் தேடிப் பிடிக்கவும் முடியாது.

ஒரு கண்ணிகூட அசையவில்லை. பத்தொன்பதும் விறைத்து நின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல. ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றிக்கொண்டேன்.

காப்பாற்றியது உன் கஞ்சி. அதைத்தான் முதல் கடிதத்தில் கேட்க நினைத்தேன். நூல் ஏன் இவ்வளவு விறைப்பு, பின்னும்போது ஏன் மொறுமொறுவென்று சத்தம், தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூல் மாதிரி கஞ்சி போட்டிருக்கிறாளே என்று. இப்போது புரிகிறது. எல்லாவற்றையும் யோசித்திருக்கிறாய்.

மஞ்சு


வெண்ணந்தூர்
2 ஜூலை 2025

மஞ்சு,

என்ன கஞ்சி?

நான் கஞ்சி போடவில்லை! உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். படித்த கையோடு சமையலறைக்குப் போனேன். எங்கள் அம்மாவை உனக்குத் தெரியும், பூவாத்தாள், விடுதிக்கு வந்தபோது உன் தலையில் ஒரு கிண்ணம் எண்ணெயைக் கவிழ்த்தவள். அவளிடம் கேட்டேன்.

"அம்மா, கொடியில கிடந்த என்ற நூலுக்குக் கஞ்சி போட்டியா?"

"பின்னே? வெறும் நூலாத் தொங்குச்சு. புள்ள மறந்துருச்சாட்டம் இருக்குதுன்னு வடிச்ச கஞ்சியில முக்கிப் பிழிஞ்சு போட்டேன்."

"அது நெய்யற நூலில்லம்மா! பின்னற நூலு!"

"நூலுன்னா நூலுதான். கஞ்சி போடாத நூல ஊட்ட விட்டு அனுப்புனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"என்னிக்குப் போட்டே?"

"அன்னைக்கேதான். உங்க மாமனூட்டு ஆளுங்க சாப்பிட்டுப் போனதும்."

அன்றைக்கே. அதுதான் என் தலையில் இடி. சாயம் இரண்டு நாள் நிழலில் ஆற வேண்டும். அப்போதுதான் நூலைப் பிடிக்கும். ஆறுவதற்கு முன்பே, ஈரத்தோடு, சூடு ஆறாத கஞ்சியில் முக்கியிருக்கிறாள். நிறங்கள் ஏன் ஒன்றுக்குள் ஒன்று இறங்கின என்று இப்போது தெரிந்துவிட்டது. நான் இரண்டு முறை செய்தும் ஏன் வரவில்லை என்றும் தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றுதான். அந்தக் கஞ்சிக்கு அடியில் சாயம் நூலைப் பிடித்திருக்கிறதா, அல்லது கஞ்சியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறதா?

கஞ்சியை மட்டும் பிடித்திருந்தால் முதல் துவையலில் உன் இருபத்துநான்கு இலையும் ஒரே சேற்று நிறம் ஆகிவிடும். சித்ரா துவைத்துத்தான் பார்ப்பார்.

மிச்ச நூலில் ஒரு முழம் சோதித்துப் பார் என்று நீ எழுதுவாய். எத்தனை முழம் மிஞ்சினாலும் கடைசியில் மிஞ்சுவது நீலம். ஓடுவது எப்போதும் சிவப்பு. நீலத்தை நனைத்துச் சிவப்பைத் தெரிந்துகொள்ள முடியாது.

போன வருடம் நீ சொன்னது சரியா தப்பா என்று ஒரு பக்கெட் தண்ணீரில் தெரிந்துவிடும். அதைச் சோதிக்கப்போவது நீ. இதைவிட மோசமான ஏற்பாட்டை நானே உட்கார்ந்து யோசித்திருந்தாலும் செய்திருக்க முடியாது.

பதினோரு இலை உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருக்கிறதா?

உஷா


திருச்செங்கோடு
8 ஜூலை 2025

உஷா,

பதினாறு இலை. நன்றாக இருக்கிறது. இதைவிட நன்றாக நான் எதையும் செய்ததில்லை.

கழுவ மாட்டேன்.

சித்ரா வந்து கழுவட்டும். அல்லது யாராவது. நான் இல்லை. ஓடினால் என் வாயால் ஓடியதுபோல் ஆகும்.

ஒன்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அந்த நாள். விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். நீ சாயம் ஏற்றிய சிவப்புத் துப்பட்டாவை நான்தான் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். வெள்ளைக் குர்தா. பேருந்து நிலையத்தில் மழை. உள்ளே போகும்போது குர்தாவின் இரண்டு கையிலும் இளஞ்சிவப்பு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என் கையைப் பார்க்கவில்லை. ஒருவர் கேட்டார்: "நீங்கள் படித்தவற்றில் எதை மாணவர்களுக்கு நடத்தவே மாட்டீர்கள்? ஏன்?" நல்ல கேள்வி. எனக்குப் பதில் இல்லை. இரண்டு வருடம் படித்ததில் ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது சாப்பாட்டு அறையில் எல்லாரும் கேட்டார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு. என் கையில் சிவப்பு இருந்தது. அது வசதியாக இருந்தது.

அவ்வளவுதான். சாயத்தால் போகவில்லை. பதில் தெரியாமல் போயிற்று.

இதை எழுதி முடிக்க எனக்குப் பதினைந்து மாதம் ஆகியிருக்கிறது. பின்னுவதில் நான் இவ்வளவு மெதுவில்லை.

மஞ்சு


வெண்ணந்தூர்
13 ஜூலை 2025

மஞ்சு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம். இரண்டாவது முறை இன்னும் கோபம். மூன்றாவது முறை அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கும் தெரியவில்லை.

நானும் ஒன்று சொல்கிறேன். அந்தத் துப்பட்டா ஓடும் என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் சரியாக அலசவில்லை. நீ கேட்டதும் சந்தோஷத்தில் கொடுத்துவிட்டேன். என் சாயத்தை முதலில் கேட்டு வாங்கிப் போட்டவள் நீ. வேண்டாம், ஓடும் என்று சொல்ல மனம் வரவில்லை. நீ சொன்ன வார்த்தை ஏன் அவ்வளவு சுட்டது என்று இப்போது உனக்குத் தெரியும்.

சரி. கழுவு.

நீதான் கழுவ வேண்டும். கழுவாமல் அனுப்பினால் நான் சித்ராவிடம் காட்ட மாட்டேன். என் நூல் எப்படிப்பட்டது என்று தெரியாமல் ஒருவர் முன்னால் போய் நிற்க என்னால் முடியாது. ஒரு முறை அப்படித் தெரியாததுபோல் கொடுத்தது போதும்.

செய்முறை: பச்சைத் தண்ணீர். சோப்பு வேண்டாம். தேய்க்காதே, அமுக்கு. மூன்று தடவை தண்ணீர் மாற்று. முதல் தண்ணீரில் கஞ்சி போகும். இரண்டாவதில் கஞ்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம் போகும், கலங்கும், பயப்படாதே. மூன்றாவதுதான் முக்கியம். பட்டறையில் அப்பா மூன்றாவது தண்ணீரை மட்டும்தான் பார்ப்பார். மற்ற இரண்டையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஓடினால் ஓடியது என்று எழுது. அழகாக எழுதாதே.

உஷா


திருச்செங்கோடு
20 ஜூலை 2025, ஞாயிறு

உஷா,

நேற்று இருபத்துநான்காவது இலை முடிந்தது. மிச்சம் ஒன்றரை முழ நூல். இன்று காலை பதினொரு மணி. பச்சை பக்கெட் வேண்டாம் என்று வெள்ளை பக்கெட் வாங்கி வந்தேன்.

முதல் தண்ணீர். கொழகொழவென்று வெள்ளை. சோறு வடித்த வாசனைகூட வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் என் கையில் இருந்தது உங்கள் வீட்டுச் சோறு.

இரண்டாவது தண்ணீர். இளஞ்சிவப்பு. உஷா, நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வாசலில் நின்றேன். ரிக் லாரி ஒன்று மலையடிவாரச் சாலையில் போனது. அது வளைவு திரும்பும் வரை நின்றேன். பயப்படாதே என்று எழுதியிருந்தாய். உள்ளே போய்த் தண்ணீரைக் கொட்டினேன்.

மூன்றாவது தண்ணீர்.

பதினைந்து நிமிடம் ஊறவிட்டேன். அமுக்கினேன். கையை எடுத்தேன். அலை அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கெட்டின் அடி தெரிந்தது. அடியில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருப்பது தெரிந்தது. என் விரல் ரேகை தெரிந்தது.

தண்ணீர், உஷா. வெறும் தண்ணீர்.

நம்பவில்லை. அந்தக் குர்தாவை எடுத்தேன். இன்னும் வைத்திருக்கிறேன். கைகளில் பழைய கறை. முதுகு வெள்ளை. ஈர ஸ்கார்ஃபை அதன் முதுகில் வைத்துச் சுருட்டி மேலே ஏறி நின்றேன். பிரித்தேன்.

முதுகு இன்னும் வெள்ளை.

அழகாக எழுதாதே என்றாய். அதனால் அழகாக எழுதவில்லை. மூன்றாவது தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து இதோடு அனுப்புகிறேன். நீயே பார். உன் அப்பாவும் பார்க்கட்டும்.

இப்போது கெட்ட செய்தி. கஞ்சி போனதும் ஸ்கார்ஃப் செத்துவிட்டது. நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி சுருண்டு கிடக்கிறது. இலைகள் மூடிக்கொண்டன. துளை எதுவும் தெரியவில்லை. லேஸை ஈரத்தோடு இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைக்க வேண்டும். மெத்தையில் குத்தினேன். இந்தக் காற்றில் பத்து நிமிடத்தில் காய்ந்து மறுபடி சுருங்கிக்கொண்டது. மூன்று முறை. இழுத்துப் பிடிக்க இரண்டு கை போதவில்லை.

நிறம் நின்றுவிட்டது. இலை போய்விட்டது. பதினான்கு நாள்தான் இருக்கிறது.

மஞ்சு


வெண்ணந்தூர்
23 ஜூலை 2025

மஞ்சு! மஞ்சு!

பாட்டில் வந்தது! அம்மாதான் பொட்டலத்தைப் பிரித்தாள். "இந்தப் புள்ள எதுக்குத் தண்ணி அனுப்பியிருக்குது? நம்மூர்ல தண்ணி வர்றதில்லைன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றாள். நான் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். அப்பா அங்கே தறி இறக்கும் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன சாமி அது?"

"மூணாவது தண்ணிப்பா."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பாட்டிலை வாங்கினார். வெயிலில் பிடித்தார். திருப்பினார். மூடியைத் திறந்து மோந்தார். ஆட்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"செவப்பா?"

"செவப்பு, மஞ்சள், நீலம். மூணும்."

"நின்னுருச்சு" என்றார். ஒரே வார்த்தை. ஆட்களிடம் திரும்பி, "நீங்க நாலாந் தேதி வாங்க, பாக்கலாம்" என்றார். முன்பு சொன்ன தேதிதான். ஆனால் 'பாக்கலாம்' புதுசு. மஞ்சு, பட்டறையில் நின்ற இருபது வருடத்தில் எந்த ஆளிடமும் அவர் 'நின்னுருச்சு' என்று சொல்லி அம்மா கேட்டதில்லையாம். "சரி, காயப் போடு" என்றுதான் சொல்வாராம்.

இப்போது உன் செத்த கோழிக்குஞ்சு. இதற்கு நாங்கள் இருக்கிறோம். குண்டூசியும் மெத்தையும் எதற்கு? எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாவு விரிப்பார்கள். தெருவுக்கு இந்த முனை ஆறு பேர், அந்த முனை ஆறு பேர், நீள நூலை இழுத்துப் பிடித்து முளையில் கட்டி, தூரிகையால் கஞ்சி பூசி, வெயில் ஏறுவதற்குள் காயவிடுவார்கள். நூறு அடிப் பாவையே இழுக்கிற தெருவுக்கு உன் இரண்டு கஜம் எம்மாத்திரம்?

ஞாயிறு 27. முதல் பஸ்ஸில் கிளம்பி ராசிபுரம் வந்து மாறு. ஸ்கார்ஃபை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வா. ஒரு முனையை நான் பிடிப்பேன். இன்னொரு முனைக்கு ஆள் வேண்டும்.

உஷா


திருச்செங்கோடு
28 ஜூலை 2025

உஷா,

உள்ளங்கையில் முளைக்கயிறு அறுத்த கோடு. இன்று போனில் அடிக்கணக்கு எழுதும்போதெல்லாம் எரிந்தது. பிடித்திருந்தது.

நேற்று நாம் பேசியவை: "இழு." "விடு." "இன்னும் கொஞ்சம்." "பாத்து, பாத்து." பதினைந்து மாதத்துக்குப் பிறகு நான்கு சொல். நான் பஸ்ஸில் வரும்போது வேறு ஏழெட்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

இரண்டு பக்கமும் அவ்வளவு நீளப் பாவு. நடுவில் நம்முடையது. சின்னாயி அக்கா தூரிகையோடு வந்து குனிந்து பார்த்ததை மறக்க முடியாது. "இதென்ன கண்ணு, எலிக்குட்டிக்கு நெய்யறீங்களா?" சொல்லிவிட்டு எவ்வளவு பதமாகக் கஞ்சி பூசினார்! ஒரு துளைகூட அடைபடாமல்.

அப்புறம் வெயில் வந்தது. இலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இருபத்துநான்கும். தெருவில் நிழல் விழுந்ததே, பார்த்தாயா? மண்ணில் இலை இலையாக. உன் அம்மா அந்த நிழலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

மூன்றாம் தேதிக்கு என்னால் வர முடியாது. ஆபீசில் ஆள் இல்லை. போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிட மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும்.

மஞ்சு


வெண்ணந்தூர்
5 ஆகஸ்ட் 2025

மஞ்சு,

நேற்று முன்தினமே எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

சித்ரா நேராகக் கொட்டகைக்கே வந்தார். உட்காரவில்லை. காபி வேண்டாம் என்றார். ஸ்கார்ஃபை இரண்டு விரலால் தூக்கி ஜன்னலில் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். அம்மா என் காதில், "புடிக்கலையாட்டம் இருக்குது" என்றாள். பிறகு "பக்கெட் இருக்குதுங்களா?" என்றார்.

நாம் அவ்வளவு இழுத்து விரித்ததை ஒரு நொடியில் தண்ணீரில் போட்டுவிட்டார். முதல் தண்ணீர் வெள்ளையாக வந்தது. "கஞ்சிங்களா?" என்று சிரித்தார். இரண்டாவது தண்ணீர். வெளுப்பாகத்தான் இருந்தது. நிறம் இல்லை. போதும் என்று நிமிர்ந்தார். அதுவரை வாசலில் நின்றிருந்த அப்பா உள்ளே வந்தார்.

"இருங்க. மூணாவது தண்ணிய பாத்துட்டுச் சொல்லுங்க."

அவரே கொட்டி அவரே ஊற்றினார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். அம்மா தன் முகம் தெரிகிறது என்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

ஸ்கார்ஃபைப் பிழிந்து எடுத்தபோது பழையபடி கோழிக்குஞ்சு. "இது சுருங்கிக்கும்ங்க, இழுத்தா விரிஞ்சுக்கும்" என்று நான் விளக்கத் தொடங்கினேன். "லேஸ் அப்படித்தாங்க, தெரியும்" என்றார் சித்ரா. நான் ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனைக்கு நீ இல்லை. யாரைக் கூப்பிடுவது என்று திரும்பினேன். அப்பா பிடித்திருந்தார். கொட்டகைக்குள்ளேயே, அண்டாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். "இழு சாமி" என்றார். அவர் பக்கத்து இலைகள் முதலில் திறந்தன.

காய்ந்த பிறகு சித்ரா ஒன்றுதான் கேட்டார். "இதே நிறத்துல ஆறு சிட்டம் வேணும். ஆறும் இதே மாதிரி. முடியுங்களா?"

முடியும் என்றேன். உன்னைப் போலவே. யோசிக்காமல்.

நேற்று தறி ஆட்கள் வந்தார்கள். அப்பா அவர்களை முன்பக்கம் அழைத்துப்போய் வேறு இடம் காட்டினார். திரும்பி வந்து கொட்டகையில் இன்னொரு கொடி கட்டினார். பாட்டில் அலமாரியில் இருக்கிறது. யாரும் குடித்துவிடாமல் இருக்க அம்மா அதற்கு ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள்.

இப்போது பிரச்சினை. இந்த நிறத்துக்கு அம்மாவின் கஞ்சி வேண்டும். அன்றைக்குப் போட்ட அதே கஞ்சி. நோட்டும் தெர்மாமீட்டரும் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"அன்னைக்கு எவ்வளவு கஞ்சிம்மா?"

"எவ்வளவு சோறு வடிச்சனோ அவ்வளவு."

"எவ்வளவு சோறு?"

"மாமனூட்டு ஆளுங்க வந்திருந்தாங்கல்ல. நம்ம மூணு பேரு, அவங்க ஆறு. ஒம்போது பேருக்கு வடிச்சேன்."

"மூணு பேருக்கு வடிச்சுட்டு மூணு மடங்கு ஊத்துனா?"

"அதெப்படி ஆகும்? ஒம்போது பேரு அரிசி ஒண்ணா ஒரே குண்டாவுல வெந்தாத்தான் அந்தக் கெட்டி வரும். பசி ஆளுங்க உக்காந்திருந்தாத்தான் எனக்கும் கை சரியா வரும்."

வேதியியல் இதற்குமேல் வாதாடவில்லை. முதல் சிட்டத்தை ஞாயிற்றுக்கிழமை முக்குகிறோம். ஒன்பது பேருக்குச் சோறு வடிக்கிறாள். ஒன்பது பேர் சாப்பிட்டே ஆக வேண்டும், வீணாக்க விட மாட்டாள். மாமா வீட்டில் ஐந்து பேர்தான் வருகிறார்கள். எட்டு ஆயிற்று. இன்னும் ஓர் ஆள் வேண்டும்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் கூப்பிட்டுச் சொல்.

உஷா